டாயலின் இருநூறு

துப்பாக்கியைக் காதருகே வைத்து அதன் மேல்பாகத்தை இழுத்து விடுகிறார் டாயல் ஹென்ஸ்லி. கண் மூடியிருக்கிறது. இன்னொரு முறை இழுத்து விடுகிறார். எதிரே நிற்கும் ஆள் வாய் திறந்தால் இடது கையைத் தூக்கி நிறுத்துகிறார். மூன்றாம் முறை இழுத்தபின்தான் கண் திறக்கிறது.

"மணல் அரைக்குது."

"மணலா? நேத்துதான் தொடச்சேன் டாயல்."

"நீ தொடச்சா? செஞ்சவனே தொடைக்கல. அவனுக்கு ஷிப்ட் முடியற அவசரம். பிசிரை வழிக்காமலே பெட்டிக்குள்ள போட்டு அனுப்பிட்டான். வச்சுட்டுப் போ."

அந்தக் காது சும்மா வந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பேரிங் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம், உருளும் இரும்பு சரியாக உருளுகிறதா என்று கேட்டுச் சொல்லும் வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் குடிக்கப் போனார்கள், கால்வாசிப் பேர் இந்தியானாவுக்குப் போனார்கள். டாயல் தூண்டில்காரர்களின் பழைய கடையை வாடகைக்குப் பிடித்து, இரை மீன் தொட்டி இருந்த இடத்தில் பட்டறை மேசையைப் போட்டார். மழைநாளில் இன்றும் அங்கே மீன் வாடை அடிக்கும். "உயிர் மீன், மண்புழு" என்ற பலகையை அவர் கழற்றவே இல்லை. மண்புழு கேட்டு வருகிறவர்களைத் தேவாலயத்துப் பின்புறத்து எருக்குழியைக் காட்டி அனுப்புவார்.

நான் இந்தப் பாதையில் தபால் போடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் சொந்தக் காரில், சாலையோரத் தபால்பெட்டிக்குக் கை எட்டும்படி வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடது கையால் திருப்பி, இடது காலால் மிதித்து, இந்த மலைச் சந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறேன். இடுப்பு ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. டாயலின் தபால்பெட்டியைப் பனி தள்ளும் வண்டி இடித்துச் சாய்த்த நாளிலிருந்து அவர் பொட்டலங்களை உள்ளே போய்த்தான் கொடுக்கிறேன். பத்தரைக்கு அவர் நின்றபடியே போலோனா இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைத் தின்பார். அதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் மூன்று தடவை கை கழுவுவார். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாதாம். வீட்டில் ஒரு கைத்துப்பாக்கிகூடக் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "என்கிட்ட திருட என்ன இருக்கு? பழைய ஸ்பிரிங்கா?" என்றார்.

விலை உயர்ந்த துப்பாக்கியை அவர் தொடமாட்டார். வக்கீல், டாக்டர் யாராவது தோல் உறையில் போட்டுக்கொண்டு வந்தால், "நல்லா இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார். அவரிடம் சேருவதெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் மலிவு ரகம். பெட்ரோல் பங்கில் தனியாக நிற்கும் பெண்கள், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவர்கள், புருஷன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டவர்கள், இவர்கள் வாங்குவது. பத்துத் தோட்டாவில் ஒன்று உள்ளே சிக்கிக்கொள்ளும், அல்லது வெற்றுக்கூடு வெளியே விழாமல் வாசலில் நின்றுகொள்ளும்.

"இதை வாங்குறவளுக்கு இதைவிட நல்லது வாங்க வழியில்ல," என்பார் டாயல். "வழியில்லாதவ உயிருன்னா மட்டும் மட்டமான ஸ்பிரிங்கா?"

தோட்டா ஏறும் சரிவை மெருகேற்றுவார். ஸ்பிரிங்கை மாற்றுவார். தோட்டாக்களை அடுக்கும் மேகஸினின் வாய்விளிம்பைத் திரும்பத் திரும்ப அளப்பார். ஆனால் ஊர் அவர் பெயரைச் சொல்வது இதனாலெல்லாம் இல்லை. அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சரிசெய்த துப்பாக்கியை உடையவரே கடைக்குப் பின்னால் ஓடைக் கரை மண்மேட்டில் இருநூறு தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். ஒன்றுகூடச் சிக்கவோ வெடிக்காமல் போகவோ கூடாது. தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. இருநூறு முடிந்ததும் ஒரு துண்டு ஒட்டுநாடாவைக் கிழித்து, "200" என்று எழுதி, கைப்பிடியில் ஒட்டித் தருவார். டாயலின் நாடா ஒட்டிய துப்பாக்கி என்றால் எங்கள் கவுண்டியில் அதற்கு மேல் கேள்வி இல்லை.

லோரீன் நேப்பியர் அங்கே நின்று சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை அவளுக்கு. மணிக்கட்டு சின்னது, வாய் பெரியது. நூற்றெண்பத்தெட்டாவது தோட்டா சிக்கிக்கொண்டது.

"மறுபடியும் ஒண்ணுலருந்து, தாயி."

"உன் தலையில இடி விழ! பன்னெண்டுதானய்யா பாக்கி!"

"அந்தப் பன்னெண்டுல ஒண்ணுதான் உன் உயிரை வாங்கும்."

காதுக்கவசத்தைக் கழற்றி ஓடையிலேயே எறிந்தாள். பிறகு அவளே காலணியைக் கழற்றிவிட்டு இறங்கி எடுத்து வந்தாள். மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் டாயல் நாடா ஒட்டிக் கொடுத்தபோது, கைப்பையிலிருந்து புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து "200"க்குக் கீழே "ஒரு வழியா!" என்று எழுதிக்கொண்டு போனாள். டாயல் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். அவரை அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகையில்லை. ஏனென்றால் அடுத்த பிப்ரவரியில் ராய்ஸ் ஸ்லோன் வந்தான்.

ராய்ஸுக்கு இருபத்தாறு வயது. கவுண்டியின் சாலைக் குழுவில் வேலை பார்த்து நின்றுபோனவன். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்தவீட்டுக்குப் போயிருந்தாள். நான் பொட்டலத்தோடு உள்ளே நிற்கிறேன். அவன் துப்பாக்கியையும் ஒரே ஒரு தோட்டாவையும் மேசைமேல் வைத்தான்.

"இதை அடிச்சேன் டாயல். வெடிக்கல."

டாயல் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டார். தோட்டாவின் அடியில் நடுவே ஒரு வட்டப் பொட்டு இருக்கும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அதைக் குத்தினால்தான் வெடிக்கும். இதில் குத்து இருந்தது, ஆழம் இல்லை.

"ஊசி லேசாத்தான் தொட்டிருக்கு. பாத்தியா, நகக்கீறல் மாதிரி. நல்லவேளை கொண்டு வந்த. வேணுங்கற நேரத்துல இப்படிக் கால வாரி விட்டிருந்தா?"

"ஆமா," என்றான் ராய்ஸ்.

"எங்க வச்சு அடிச்ச?"

"வீட்லதான்."

வீடு என்றால் கொல்லைப்புறம் என்று டாயல் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் கொல்லையில் தகர டப்பாவை வைத்துச் சுடுகிறவர்கள்தான். வெடிக்கவில்லை என்று ஒருவன் வந்தால் ஏன் வெடிக்கவில்லை என்று பார்ப்போம். எதை நோக்கி அடித்தாய் என்று கேட்க எங்களுக்குத் தோன்றாது. அவன் கன்னத்தில் மூன்று நாள் தாடி இருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. இவ்வளவையும் கவனித்த நான் அவனிடம் மழையைப் பற்றிப் பேசினேன்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. ராய்ஸ் வந்து இருநூறையும் ஒரே மூச்சில் சுட்டான். ஒன்றுகூடத் தவறவில்லை. டாயல் நாடா ஒட்டிக் கொடுத்து முதுகில் தட்டினார்.

"இனிமே இது உன்ன ஏமாத்தாது, தம்பி."

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் செய்தி வந்தது, ராய்ஸ் வீட்டில் தன்னையே சுட்டுக்கொண்டான் என்று. ஷெரிப்பின் ஆள் ஒருவர் டாயலைத் தேடி வந்தார். குற்றம் சொல்ல வரவில்லை. கைப்பிடியில் அவர் கையெழுத்து இருந்ததால், துப்பாக்கி எப்போது கொடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வந்தார், அவ்வளவுதான். டாயல் வெளியே வந்து பனியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம்.

அந்த வெடிக்காத தோட்டா மேசையிலேயே கிடந்தது. ஒரு வாரம் கழித்து டாயல் அதன் தலையைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, பொட்டில் எண்ணெய் விட்டுச் சாகடித்து, மறுபடி பூட்டிப் பின்ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தார். இரண்டு வருடமாக அது அங்கேயே நின்றது. வருகிற போகிறவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் டாயல் முதலில் கேட்பது, "எதைப் பாத்து அடிச்ச?" பதில் வர ஒரு நொடி தாமதமானால் போதும், துப்பாக்கியில் கோளாறு வந்துவிடும். "ஸ்பிரிங் போயிடுச்சு. சொல்லி அனுப்பணும்." சீட்டு கட்டி ஆணியில் மாட்டிவிடுவார். சில வீட்டு மனைவிமார்களும் தாய்மார்களும் முன்கூட்டியே போன் செய்துவிடுவார்கள். மலிவுத் துப்பாக்கியில் கோளாறு என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்ல ரகம் என்றால் இந்தப் பொய் எடுபடாது.

ஸ்பிரிங்கெல்லாம் எப்போதோ வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவளே நான். மேசையின் இரண்டாவது இழுப்பறையில் பிரிக்காத உறைகள் பதினொன்று கிடக்கின்றன. சிலர் மூன்று மாதம் கழித்து வந்து, "அதை வித்துடுங்க டாயல், எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் நான்கு பேர். அந்த நான்கு நாளும் டாயல் எனக்கு ஜன்னல் வழியாகக் கையசைத்தார்.

போன அக்டோபரில் லோரீன் புற்றுநோயில் போனாள். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, அவள் மகள் டீனா லெக்சிங்டன் நகரத்திலிருந்து டாயலுக்கு போன் செய்தாள். "மாமா, அப்பா அம்மாவோட துப்பாக்கிய எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வராரு. மான் துப்பாக்கியெல்லாம் சுத்தம் பண்ணித் தரேன்னு நான் இங்க கொண்டாந்துட்டேன். இத மட்டும் குடுக்கமாட்டேங்குறாரு. அதுல ஏதாவது கோளாறு கண்டுபிடிங்க மாமா. ஏதாவது."

அரை மணியில் லோரீனின் புருஷன் ஆர்லிஸ் நேப்பியர் வந்தார். முப்பத்தொரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் யந்திரங்களைப் பழுது பார்த்தவர். நுரையீரல் முழுக்கக் கரி. மூக்கில் குழாயோடு, சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் குப்பியை நாயைப் போல இழுத்துக்கொண்டு வருவார். அவரும் டாயலும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் அவர்களுக்கு இரண்டு வகுப்பு கீழே.

"என்ன ஆச்சு? எங்கயாவது சிக்கிச்சா?" என்றார் டாயல்.

"சிக்கல. சிக்காம இருக்கான்னு பாரு."

டாயல் அதைக் காதருகே வைத்து இழுத்து விட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை. அவர் கையால் செய்த வேலை, வெண்ணெயாக ஓடியது. எனக்கே கேட்டது. கைப்பிடியில் "200", அதன் கீழே பாதி அழிந்த "ஒரு வழியா!"

"ஸ்பிரிங் போயிடுச்சு," என்றார் டாயல்.

"போயிடுச்சா? மூணு தடவ ஆரம்பத்துலருந்து சுட்டாளேடா. நீதான ஒட்டிக் குடுத்த."

"அப்ப நான் சரியாப் பாக்கல."

தன் வேலையைத் தானே பழித்து அவர் பேசி அன்றுதான் கேட்டேன். சொல்லும்போது காது மடல் சிவந்துவிட்டது. ஆர்லிஸ் அவரையே பார்த்தார். பிறகு குப்பியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் ஆர்லிஸ் வருவார். "வந்துச்சா?" "கம்பெனில இருப்பு இல்லையாம்." அடுத்த வியாழன், "வந்துச்சா?" "தப்பான நீளத்துல அனுப்பிட்டாங்க, திருப்பி விட்டேன்." இன்னொரு நாள் என் பக்கம் திரும்பி, "நெட்டா, நீயாவது சொல்லு, வந்துச்சா?" என்றார். கிறிஸ்துமஸ் நெரிசல் என்றேன். அப்போது ஜனவரி முடியப் போகிறது. டீனா வாரம் தவறாமல் வந்து போனாள். பாதிரியார் வந்தார். மனநல மருத்துவரிடம் இரண்டு தடவை கூட்டிப்போனார்கள். இரண்டு தடவையும் ஆர்லிஸ் கைகட்டி உட்கார்ந்து, "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மார்ச் முதல் வாரம் ஒரு காலை, வண்டியில் தபாலை அடுக்கும்போது கையில் அந்த உறை தட்டுப்பட்டது. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. உள்ளே சுருள். ஆனால் விலாசம் டாயலுடையது இல்லை. ஆர்லிஸ் தானே வரவழைத்துவிட்டார்.

பாலத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினேன். கீழே ஓடை கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. அடுத்தவர் தபாலை நிறுத்திவைத்தால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம். அதற்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அது இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கை செய்து பழகியதைக் கை செய்தது, அவ்வளவுதான். அவர் வாசலில் போய் வண்டியை நிறுத்தி உறையை நீட்டினேன்.

"பாத்தியா நெட்டா, பேத்தி போன்ல ரெண்டு தட்டு தட்டினா, அஞ்சே நாள்ல வந்துடுச்சு," என்றார் ஆர்லிஸ். "டாயலுக்கு மட்டும்தான் வரமாட்டேங்குது."

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அங்கிருந்து நேராக டாயலிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ என்ன பண்ணுவ," என்று மட்டும் சொன்னார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

ஆர்லிஸ் அன்று மதியமே உறையோடு வந்தார். "இந்தா. மாட்டிக் குடு." ஐந்து நிமிட வேலைக்கு டாயல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆர்லிஸ் கவிழ்த்துப் போட்ட மீன் வாளிமேல் உட்கார்ந்து காத்திருந்தார். கடைசியில் டாயல் நிமிர்ந்தார்.

"இருநூறு இருக்கு."

"என்னது?"

"என் சட்டம் உனக்குத் தெரியும்ல. இருநூறு முடியாம என் கடையிலருந்து ஒண்ணும் வெளிய போகாது. உன் மூச்சுக்கு நீ சுட வேணாம். நான் சுடறேன், நீ எண்ணு. கூடு பொறுக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு."

"அஞ்சா?"

"புது ஸ்பிரிங். அதுக்கு மேல போட்டா சூட்டுல வளஞ்சுடும்."

முப்பத்தொரு வருடம் யந்திரத்தோடு வாழ்ந்த மனிதரிடம் சொல்கிறார் இதை! ஆர்லிஸ் என்னைப் பார்த்தார். "என் காதுல பூ சுத்துறான் பாரு." ஆனால் எழுந்து போகவில்லை. ஒருநாளைக்கு ஐந்து, ஞாயிறு விடுமுறை, ஆக நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளும் என் பாதையை மாற்றி, பதினொரு மணிக்கு அங்கே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். டாயல் மண்மேட்டைப் பார்த்து ஐந்து முறை சுடுவார். ஆர்லிஸ் வாளியில் உட்கார்ந்து உரக்க எண்ணுவார். பிறகு மெல்லக் குனிந்து வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி டப்பாவில் போடுவார். ஐந்து முறை குனிய அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். டாயல் உதவப் போகமாட்டார். சுட்டதும் துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காப்பி ஊற்றுவார். அன்றைய எண்ணிக்கையை ஒரு நாடாத் துண்டில் எழுதி மேசை ஓரத்தில் ஒட்டுவார்.

பேச்சு என்னவோ ஊர்ப்பேச்சுதான். பீன்ஸில் பன்றிக் கொழுப்பை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா, கூடைப்பந்தில் இந்த வருடமும் பையன்கள் மானத்தை வாங்கிவிட்டார்களே. ஒருநாள் நடுவில் ஆர்லிஸ் சொன்னார்: "மூச்சு விடுறதே வேலையாப் போச்சு டாயல். ஷிப்ட் முடியவே மாட்டேங்குது. கூட வேலை பாத்தவளும் வீட்டுக்குப் போயிட்டா." டாயல் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

அன்று கார்வரை என்னோடு வந்தார் டாயல். நான் கேட்டேவிட்டேன். "நாப்பது நாள் முடிஞ்சா?"

"தெரியல."

"மலைக்கு அந்தப் பக்கம் கடையில அரை மணி நேரத்துல வேற ஒண்ணு வாங்கிடலாம் டாயல். அவர் நினைச்சா யார் தடுக்க முடியும்?"

"எனக்குத் தெரியாதா? அவனுக்கு லோரீனோடதுதான் வேணும். அதான் இத்தன நாள் ஓடுது. நான் ஒண்ணும் அவனக் காப்பாத்தல நெட்டா. ஒரு நாளக் கடத்துறேன். அப்புறம் இன்னொரு நாள். எப்படியும் தோக்கப் போறேன். என் கையால செஞ்சதா மட்டும் இருக்கக் கூடாது."

துப்பாக்கி எங்காவது சிக்கும் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை சிக்கினால் போதும், சட்டப்படி மறுபடி ஒன்றிலிருந்து, இன்னும் நாற்பது நாள். ஐம்பது ஆயிற்று, நூறு ஆயிற்று. ஒன்றுகூடச் சிக்கவில்லை. முப்பத்தொன்பதாவது நாள் "195" என்று நாடாவில் எழுதிவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "இந்தக் கைய ஒடிச்சுப் போடணும்," என்றார்.

நாற்பதாவது நாள் மழை விட்டிருந்தது. ஓடைக் கரையில் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆர்லிஸ் முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை நான் பார்த்தேன். டாயலும் பார்த்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி மேகஸினை நிரப்பினார்.

"நூத்துத் தொண்ணூத்தாறு," என்றார் ஆர்லிஸ். "தொண்ணூத்தேழு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொன்பது."

இருநூறாவதுக்கு விசை சொடுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

டாயல் மண்மேட்டிலிருந்து துப்பாக்கியை விலக்காமல் அரை நிமிடம் நின்றார். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கலாம் என்பதற்காக எப்போதும் செய்வதுதான். பிறகு மேல்பாகத்தை இழுத்தார். தோட்டா தெறித்துச் சேற்றில் விழுந்தது. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆர்லிஸ் குனிந்தார். மூச்சு வாங்க நிறுத்தினார். மறுபடி குனிந்து தோட்டாவை எடுத்துக் கால்சட்டையில் துடைத்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் அடிப்பக்கத்தையே பார்த்தார்.

"ஒரு தடவதான அடிச்ச?"

டாயல் பெட்டிச் சாவியைப் பையில் போட்டார்.

"இதுல ரெண்டு குத்து இருக்கே. ஒண்ணு ஆழமா. ஒண்ணு நகக்கீறல் மாதிரி."

ஆர்லிஸின் தலை மெல்லத் திரும்பியது. கடையின் பின்ஜன்னல் எங்களுக்கு நேராக இருந்தது. அதன் விளிம்பில் இரண்டு வருடமாகப் படிந்த தூசியில் ராய்ஸின் தோட்டா நின்றிருந்த இடம் மட்டும் சின்னதாக, வட்டமாக, சுத்தமாகத் தெரிந்தது.

ஆர்லிஸ் தோட்டாவைத் தன் சட்டைப்பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். மறு கையை நீட்டினார்.

"லோரீனோடதக் குடுத்துடு டாயல்."

டாயல் சாவியை எடுக்கவில்லை. உள்ளே போய் நாடாச் சுருளோடு திரும்பி வந்தார். ஒரு துண்டு கிழித்துத் தொடையின்மேல் வைத்து, பேனாவால் பெரிதாக "0" என்று எழுதினார். கட்டைவிரல் நுனியில் அது ஒட்டிக்கொண்டது. அந்த விரலை ஆர்லிஸை நோக்கி நீட்டினார். நாடா காற்றில் படபடத்தது. வாய் கோணியது. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டு பேர் கைகளும் நீட்டியபடியே இருந்தன. என் வண்டியில் பாதித் தபால் போடாமல் கிடந்தது. டாயல் கையை இறக்கவே இல்லை.